கார்பன் ஏற்றாத நாலு டிகிரி

டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுப்பவர்களுக்குச் சம்பளம் சூத்திரத்துக்குத்தான். அது ஏன் அப்படி என்று சொல்வதெல்லாம் நம் சொந்தச் செலவு.

பின்பெஞ்சு

எங்கள் சென்டர் தம்பானூரில், ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே பஸ்கள் ஹாரன் அடிக்கும். எனக்கோ பிறவியிலேயே சின்னக் குரல். உங்களில் மெல்லிய குரல்காரர்கள் இருந்தால் என் பாடு புரியும்.

அன்றைக்குப் பாடம், திடப்பொருளைச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது. படிகத்தில் ஒவ்வோர் அணுவும் மூன்று திசைகளில் அதிரும். ஒவ்வொரு திசையிலும் ஓடுவதற்கு ஒரு பங்கு ஆற்றல், ஸ்பிரிங் மாதிரி இழுபடுவதற்கு ஒரு பங்கு. ஆக ஆறு சமபங்கு. அதனால் செம்போ ஈயமோ, அணுக்களின் எண்ணிக்கை ஒன்றானால் வெப்பமும் ஒன்று, ஒரு மோலை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய இருபத்தைந்து ஜூல். சூத்திரத்தில் இதுதான் 3R, 'மூணு ஆர்'. பழைய இயற்பியலின் அழகான கணக்கு. உருகி உருகிச் சொல்லி முடித்தேன். பின்பெஞ்சிலிருந்து கோமதி எழுந்தாள். "ஒண்ணும் கேக்கல்ல மிஸ்ஸே."

விடைத்தாள்

மாதிரித் தேர்வில் வைரத்துக்கு எத்தனை ஜூல் என்று கேட்டிருந்தார்கள். சென்டரின் விடைப்படி இருபத்தைந்து. கோமதி மட்டும் புத்தகத்தின் கடைசி அட்டவணையைப் படித்துவைத்திருந்து ஆறு ஜூல் என்று எழுதியிருந்தாள். அதுதான் சரி. கார்பனின் பிணைப்பு ரொம்ப இறுக்கம். அறைச் சூட்டில் அதன் அணுக்கள் முழுப் பங்கை வாங்கிக்கொள்வதில்லை. பழைய கணக்கு அங்கே படுத்துவிடும். மார்க் போட்டேன்.

சென்டரின் மலையாளி டைரக்டர் கூப்பிட்டார். சென்டரின் விடை தப்பு என்று வெளியே தெரிந்தால் பேர் கெட்டுவிடுமாம். மார்க்கை அடிக்கச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டே, மாட்டேன் என்றேன். அவர் விரலை நீட்டினார். "நாளைக்கு ஞான் கிளாஸில் இருக்கும். திடப்பொருள்னா மூணு ஆர், அது மதி, போதும். அதுக்கு மேலே ஒரு வார்த்தை வந்தா, மிஸ்ஸுக்குப் பதில் வேற ஸார்."

சாலைக் கடை

அன்று மாலையே சாலை என்கிற கடைத்தெருவுக்குப் போனேன். பழைய உலோகம் விற்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் அலுமினியம் இருபத்தேழு கிராம், செம்பு அறுபத்துநாலு, ஈயம் இருநூற்றேழு என்று கேட்டேன்.

"ஈயத்துல நகையா செய்யப் போற?" என்றார். மூன்று துண்டிலும் அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாக வெட்டி, அராவி, நிறுத்துக் கொடுத்தார். "வீட்ல போய் எண்ணிப் பாரு தாயி. கொறஞ்சா திருப்பிக் கொண்டாந்துரு."

நாலு டிகிரி

மறுநாள் டைரக்டர் கடைசி வரிசையில், கோமதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். துண்டுகளை நூலில் கட்டிக் கொதிநீரில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஒரே அளவு குளிர்ந்த நீரில் இறக்கினேன். குட்டி அலுமினியம் தண்ணீரை ஏறக்குறைய நாலு டிகிரி ஏற்றியது. செம்பும் அப்படியே. முரட்டு ஈயமும் அப்படியே. பிள்ளைகள் கை தட்டினார்கள். டைரக்டரும் தட்டினார். "கண்டோ? மூணு ஆர். மதி மிஸ்ஸே."

அங்கேயே நிறுத்தியிருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை. பையிலிருந்து பழைய டார்ச் செல்களின் கார்பன் கட்டைகளை எடுத்தேன். வைரத்துக்கு நான் எங்கே போவேன்? இதுவும் கார்பன்தான். பன்னிரண்டு கிராம், அதே எண்ணிக்கை அணுக்கள். தண்ணீர் ஒன்றரை டிகிரிகூட ஏறவில்லை. கை தட்டல் இல்லை. எல்லோரும் தெர்மாமீட்டரையே பார்த்தார்கள்.

டைரக்டர் எழுந்தார். "அடுத்த வாரம் வேற ஸார் வரும்."

"எந்த ஸார் வந்தாலும் கார்பன் இவ்வளவுதான் ஏற்றும், ஸார். கோமதியோட மார்க் அப்படியேதான் இருக்கும்."

கீழே ஹாரன்கூட அடங்கின மாதிரி இருந்தது. கடைசி வரிசையிலிருந்து கோமதி சொன்னாள். "இப்போ நல்லா கேட்டுது மிஸ்ஸே."

அடுத்த வாரம் வகுப்பு என்னிடம் இருக்குமோ இருக்காதோ, கார்பன் கட்டைகளை மட்டும் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், வருகிற ஸாருக்கு உபயோகப்படும்.