மேல் டிவிசனுக்குப் போன அலோய் சக்கரம்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஆறேமுக்காலுக்குப் பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.
2. ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் தார் ரோட்டை விட்டுத் தோட்டப் பாதையில் ஏறும் இடத்தில், முன்டயரின் காற்றை முப்பத்திரண்டிலிருந்து இருபதுக்குக் குறைத்தேன்.
3. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் மழைமானியில் அடைத்திருந்த சருகை எடுத்தேன். மானி மறுபடி வேலை செய்தது.
4. இறங்கும்போது, ஃபெக்டரிக்குக் கீழே மூன்றாவது வளைவில், தேயிலைக் கொழுந்து லொறி எதிரே ஏறி வந்தது.
5. ஒதுங்கினேன். முன்சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானின் ஓரக்கல்லில் மோதியது.
6. சக்கரத்தின் விளிம்பு உள்ளே மடங்கி, ஒரு விரல் நீளத்துக்கு வெடித்தது. நான் இறங்கி நிற்பதற்குள் டயரில் காற்று இல்லை.
7. யாருக்கும் காயமில்லை.

அலுவலகத்தில் நான் முதலில் கொடுத்த அறிக்கையில் ஆறு வரிகள்தான் இருந்தன. இரண்டாவதை எழுதவில்லை.

எங்கள் அலுவலகம் தோட்டங்களில் உள்ள பதினொரு மழைமானிகளைப் பார்த்துக்கொள்கிறது. சரிவில், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு மேலே, மானி நிற்கும். மழை ஓர் அளவைத் தாண்டினால் லயத்துக் கோடியில் இருக்கும் சைரன் கத்தும். மண்சரிவுக்குப் பயந்து சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே பாடசாலைக்கு இறங்குவார்கள். மானியின் வாயில் ஒரு சருகு விழுந்தால் போதும், எவ்வளவு மழை பெய்தாலும் அது ஒன்றுமில்லை என்றே சொல்லும்.

ஜீப் எங்கள் பிரிவுக்குச் செவ்வாயும் வியாழனும் மட்டும்தான். வெள்ளிக்கிழமை கெட்டுப்போன மானி செவ்வாய்வரை கெட்டே கிடக்கும். அந்த நாட்களில் கணினித் திரையில் அந்த மானியின் கட்டம் வெறுமையாக இருக்கும். நான் மேசையில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னால் அப்படி இருக்க முடிவதில்லை. கால் தானாக ஆடும். எழுந்து தண்ணீர் குடிப்பேன். ஜன்னலுக்குப் போய் ஜீப் நிற்கிறதா என்று பார்ப்பேன். திரும்பி வந்து அதே கட்டத்தைப் பார்ப்பேன். பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் என் நாற்காலியைக் காட்டி, "தங்கச்சி, கதிரைக்கு நாலு சக்கரம் இருக்கு, அதுலயே போய்ட்டு வந்துருங்க" என்றார்.

ஆறு மாதம் கேட்டபிறகு பிரிவுத் தலைவர் ஒத்துக்கொண்டார். மேல் டிவிசன் உட்பட மேல்மலையின் நான்கு மானிகளுக்கு என் சொந்த மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகலாம், மூன்று மாதம் பார்ப்போம் என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். என் தவறால் வண்டி ஒருமுறை பாதையில் நின்றாலும், மேல்மலை வேலை ஜீப்புக்குத் திரும்பிவிடும்.

வண்டி உயரமானது, கரடுமுரடான பாதைக்கென்றே செய்தது. ஆனால் சக்கரங்கள் கம்பி வைத்தவை அல்ல. அலோய் என்று சொல்லும் அலுமினியக் கலவையில் ஒரே துண்டாக வார்த்தவை. நான் வாங்கப் போனபோது கம்பி வைத்தது கிடைக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். கம்பிச் சக்கரம் அடி வாங்கினால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு ஓரளவு தாங்கும், அதற்கு மேல் வெடிக்கும். ஆனால் வார்ப்பில் டியூப் வேண்டாம், பஞ்சர் போட லேசு, கம்பி முறுக்கும் வேலையும் இல்லை. காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

காற்றைக் குறைத்ததும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான். தார் ரோட்டை விட்டு இறங்கும்முன் செய்யவேண்டியவை என்று வீடியோக்களில் பார்த்து, ஒன்பது வரி எழுதி, தொலைபேசியில் வைத்திருந்தேன். முதல் வரி, காற்றைக் குறை. அந்த வீடியோக்களில் வண்டி ஓடியதெல்லாம் மணலில். எங்கள் தோட்டப் பாதை மணல் இல்லை. தார் என்றைக்கோ கரைந்துபோய், அடியில் கையால் செங்குத்தாக அடுக்கிய கருங்கல் மட்டும் விளிம்பு தூக்கி நிற்கும். அந்தக் கல்லில் நடந்து பள்ளிக்கூடம் போய் வந்தவள் நான். சப்பாத்தின் அடி எத்தனை நாளில் தேயும் என்றுகூடச் சொல்வேன். அப்படியிருந்தும் பட்டியலை நம்பினேன். காற்றுக் குறைந்த டயர் கல்லில் அமுங்கினால் அடி நேரே சக்கரத்தின் விளிம்புக்குப் போகும்.

தோட்டத்தில் கொழுந்து லொறி யாருக்கும் ஒதுங்காது. நிறைந்த லொறி ஏற்றத்தில் நின்றால் கல்லில் மறுபடி எடுக்க முடியாது, கொழுந்தும் சூடாகிவிடும். ஹோர்ன் கேட்டால் மற்றவர்கள்தான் ஓரம் போகவேண்டும். அவர் ஹோர்ன் அடித்தார். நானும் ஓரம் போனேன், கொஞ்சம் அதிகமாக.

லொறிக்காரர் நாற்பது வயதுக்காரர். நிறுத்தாமலே ஜன்னலால் தலையை நீட்டினார்.

"அடி பட்டுச்சா?"

"இல்லண்ணே. வீல்தான்."

"கொழுந்து சூடாயிரும். எறக்கிட்டு வாறேன். வண்டிய அசைக்காதீங்க!"

போய்விட்டார். பகல் கொழுந்து நிறுவை முடிந்து சாப்பிடப் போன இரண்டு பெண்கள், வெறுங்கூடையோடு, பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"ஏய், தொரசானி குதிர படுத்துருச்சுடி" என்று என்னைத் துரையம்மாவாக்கிக் கேலி செய்தார் மூத்தவர்.

"படுக்கலக்கா, கால் ஒடஞ்சிருச்சு" என்றேன்.

"அட, நம்ம பேச்சு பேசுது! எந்தத் தோட்டம் புள்ள?"

"தெமோதரைப் பக்கம்."

"அதான பாத்தேன். ரயில் ஓடுற ஊர்க்காரிக்கு மோட்டார் சைக்கிள் எதுக்கு?"

இளையவர் சிரிப்பை அடக்கமுடியாமல் கூடையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு சோறு ஆறிவிடும் என்று இருவரும் மேலே ஏறிப்போனார்கள்.

தொலைபேசியில் சிக்னல் இரண்டு கோடு இருந்தது. அலுவலகத்துக்கு அழைக்கவேண்டும் என்பது விதி. நான் அழைக்கவில்லை. வளைவிலிருந்து மதகுவரை நடந்தேன், அறுபத்துநான்கு அடி. திரும்பி நடந்தேன். சக்கரத்தைக் கழற்றும் அச்சுச் சாவியை எடுத்தேன், வைத்தேன். விளிம்பின் வெடிப்பை விரலால் தடவினேன். தடவினால் குறைந்துவிடுமா? ஏழாவது முறை நடக்கும்போது, இந்த நிமிடம் யாராவது ஜீப்பில் வந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எட்டாவது முறை வேகமாக நடந்தேன்.

லொறி வெறுமையாக வந்தது. அவர் தன் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த டியூப் ஒன்று, கால் பம்ப், இரண்டு லீவர், ஒரு சுத்தியல் எல்லாவற்றையும் இறக்கினார்.

"இது பதினெட்டு இஞ்ச் டியூப். உங்கது பத்தொம்பது. ரப்பர்தான, இழுத்தா வரும்."

எஞ்சினுக்கு அடியில் கல் அடுக்கிச் சக்கரத்தைக் கழற்றினோம். விளிம்பைப் பார்த்ததும் அவர் சுத்தியலை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணே, வேணாம்! இது இரும்பு இல்ல, வார்ப்பு. அடிச்சா மிச்சமும் போயிரும்."

சுத்தியலை இறக்கி, சக்கரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அடிக்கக்கூடாத சாமான எதுக்குங்க மலைக்குக் கொண்டாந்தீங்க?"

டயர் விளிம்பை விட்டு நகரவில்லை. நான் லொறியின் ஜாக்கியைக் கேட்டேன். சக்கரத்தை லொறியின் முன்பம்பருக்கு அடியில் படுக்கப்போட்டு, டயர்மேல் ஜாக்கியை வைத்து உயர்த்தினேன். லொறியின் பாரத்தில் டயர் அமுங்கி, 'டப்' என்று விளிம்பை விட்டது. "இது நல்லாருக்கே" என்றார். அதற்குப் பிறகு சுத்தியலைத் தொடவில்லை. வெடித்த இடம் டியூப்பை வெட்டாமலிருக்க, உரப்பையை வெட்டி நாலாக மடித்து வைத்தது அவர் யோசனை. காற்றை முப்பத்தைந்துக்கு ஏற்றினோம்.

"இந்தக் கல்லு ரோட்டுக்கு இதுவே பத்தாதுங்க. காத்து என்னத்துக்கு அவ்வளவு கம்மியா வச்சிருந்தீங்க? ஏறும்போதே பாத்தேன், டயர் சப்பையா இருந்துச்சு."

"தெரியாம வச்சிட்டேண்ணே."

பொய். தெரிந்துதான் வைத்தேன்.

பதுளைவரை சைக்கிள் வேகத்தில் வந்தேன். நான் வந்து சேரும்முன்பே தோட்டத்து மேனேஜர், அங்கே சொல்வதுபோல் தொர, எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தலைவர் என்னை உட்காரச் சொன்னார். அவர் நல்ல மனிதர். எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தார்.

"லொறிக்காரனாலதான்னா உங்க பக்கம் தப்பில்ல. மலை உங்ககிட்டயே இருக்கும். தொர அவன லொறியிலேருந்து எறக்குவாரு, கொஞ்ச நாள் புல்லு வெட்டப் போடுவாரு. பெரிய விசயமில்ல. எழுதிக் குடுங்க."

ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். ஒரு வரியிலும் பொய் இல்லை. லொறி வந்தது, ஒதுங்கினேன், மோதியது. படிக்கிற யாரும் லொறியைத்தான் சொல்வார்கள். எழுதும்போதே அது எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை சக்கரத்தை டயர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் டியூப்பை உருவி, விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது காற்றுக் குறைந்து பட்ட அடி என்று நான் சொல்லாமலே சொன்னார். மேசைக்கு வந்தேன். கால் ஆடியது. இன்றைக்கு அவர் லொறியில் இருப்பாரா, புல்லு மலையில் இருப்பாரா என்று யோசித்தேன். அந்த நேரம் நிறுவை முடிந்து லொறி ஏறும் நேரம். இரண்டு தரம் ஜன்னலுக்குப் போனேன். மூன்றாம் தரம் எழுந்தபோது கையில் புதுத் தாள் இருந்தது. அதில் ஏழு வரி எழுதி, லொறி வழக்கப்படியே வந்தது என்று கீழே சேர்த்து, தலைவரிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"இது நேத்து இல்லையே. இத எதுக்கு இப்ப?"

"அடுத்ததாப் போறவங்களுக்குத் தெரியணும் சேர். அந்தக் கல்லுல காத்தக் கொறைக்கக்கூடாது."

"அடுத்ததாப் போறது நீங்களா இருக்காது."

"தெரியும் சேர்."

அவர் முதல் தாளை எடுத்துக் கிழித்தார். தொரைக்கு அப்போதே தொலைபேசி எடுத்து, லொறிக்காரர்மேல் தவறில்லை என்றார். என் பக்கம் பார்க்காமலே அடுத்த வாரத்து ஜீப் அட்டவணையை இழுத்து, அதில் நான்கு இடங்களை எழுதினார்.

இப்போது நிலைமை இது. மேல்மலையின் நான்கு மானிகள் ஜீப்பில், செவ்வாயும் வியாழனும். நான் பின் இருக்கையில் போகிறேன். தார் ரோட்டுக்குக் கிட்ட உள்ள ஏழு மானிகள் என் பொறுப்பு. புதுச் சக்கரம் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை, அதுவரை பஸ்ஸில் போய் மிச்சத்தை நடக்கிறேன். லொறிக்காரர் லொறியில்தான் இருக்கிறார். மேல்மலையைத் திரும்பக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. இன்று சனிக்கிழமை, மேல் டிவிசனின் கட்டம் காலையிலிருந்து வெறுமையாக இருக்கிறது.