நான் அடித்த வரி

டாக்டர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. மருத்துவ இதழ் ஒன்றின் அலுவலகத்தில், ஏ.சி. தண்ணீர் சொட்டும் மூலையில் என் மேசை. எனக்கு ஊசி குத்தத் தெரியாது. ஆனால் திடீரென்று வந்தால் ‘அக்யூட்’, தாங்க முடியாவிட்டால் ‘சிவியர்’ என்பது தெரியும். இரண்டையும் குழப்பும் பெரிய பெரிய நிபுணர்களைச் சிவப்புப் பேனாவால் கிழித்துத் தொங்கவிடுவேன். நோயாளி உணர்ந்து சொல்வது ‘சிம்ப்டம்’, டாக்டர் சோதித்துக் காண்பது ‘சைன்’. மாற்றி எழுதியவர் அன்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். வீட்டிலும் இதே ரகளைதான். வைரஸையும் பாக்டீரியாவையும் ஒன்றாக்கிப் பேசிய மைத்துனர் அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஒரு ஞாயிறு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னமோ மாதிரி இருக்குங்க. மேல்வயிறு எரியுது, தாடை இழுக்குது. ஏதோ கெட்டது நடக்கப்போற மாதிரி பயமா இருக்கு.”

வேறொருவன் என்றால் வண்டிக்கு ஓடியிருப்பான். நான் காகிதத்துக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் போய் உளறிக்கொட்டாமல், சுத்தமான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மேல்வயிற்று எரிச்சல், அக்யூட், காய்ச்சல் இல்லை. தாடையைப் பல் டாக்டர் கணக்கில் தள்ளிவிட்டேன். பயத்தை எழுதிவிட்டு, பிறகு அடித்தேன். அதை எந்த அளவுகோலால் அளப்பது? அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. நான் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா என் தாளைப் படித்தார். “நீங்க டாக்டரா?” என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அசிடிட்டி மாதிரிதான் தெரியுது. வெளியில கொஞ்சம் உட்காருங்க” என்றவர், தாளை வெளிச்சத்தில் திருப்பினார். “இது என்ன, ஒரு வரிய அடிச்சிருக்கீங்க?”

“அது சும்மா, டாக்டர். பயமா இருக்குதாம்.”

அவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார். “நீங்க சொல்லுங்கம்மா.”

அவள் தாடையையும் சேர்த்துச் சொன்னாள். அடுத்த நிமிடம் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்போது டாக்டரம்மா சொன்னார்: “மாரடைப்புல இப்படி ஒரு பயம் வரும். அதுவும் சிம்ப்டம்தான், சார்.”

எனக்குத் தெரியும். போன இதழில்தான் அதைப்பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் இதைச் சொல்லும் வாக்கியத்தில் காற்புள்ளி சேர்த்த மேதாவி நான்தான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்தேன். இருக்கும் தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன், அதுவும் இலக்கணமில்லாமல்.

அடைப்பை நீக்கி, மாலையில் என்னை உள்ளே விட்டார்கள். அவள் முகத்தில் கொஞ்சம் களை திரும்பியிருந்தது.

“இப்ப எப்படி இருக்கு?”

“அந்தப் பயம் போயிடுச்சுங்க” என்றாள். என் கையைப் பிடித்தாள். “உங்களுக்கு?”

“எனக்கு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு” என்றேன்.