பனியாற்றைக் கடந்தவள்

போன கிழமை புரோசார்ட் நகரத்துக் கடையொன்றில் சதகுப்பை இலைக் கட்டொன்றை எடுத்து மணந்து பார்த்தேன். நல்ல காலம், யாரும் கவனிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது.

ஊரில் பிள்ளை பெற்ற பெண்களின் மருந்தில் சேர்ப்பது சதகுப்பை. அதன் இலையைச் சூப்பில் கிள்ளிப்போட்டுக் குடிக்கிற மனிதரைச் செயின்ட்-மிஷேல் பகுதியில்தான் முதலில் கண்டேன். பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்துக்கு அகதியாக வந்த புதிதில், தனியாக வாழும் முதியவர்களுக்கு வீடு துடைத்துச் சமைத்துக் கொடுப்பது என் வேலை. அப்படிக் கிடைத்தவர் ஆர்க்கடி. ரஷ்யர். தன் நாட்டில் இரண்டு ஓபரா இசைநாடகங்களுக்கும் மூன்று பாலே நடனங்களுக்கும் இசையமைத்தவர். ஓபரா என்றால் கேக் என்றே நான் நினைத்திருந்தேன். பேக்கரிக் கண்ணாடிக்குள் அப்படித்தானே எழுதி வைத்திருந்தார்கள்!

நாட்டைவிட்டுப் போக அவர் அனுமதி கேட்டதும் அவருடைய மேடையேற்றங்களை அரசாங்கத்தார் நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் பிரதிகளையும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு வந்தவர், ஒரு பாலேயை மட்டும் நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். உறைந்த ஆற்றைக் கடந்து கணவனிடம் போகிற பெண்ணின் கதை. அங்கே அந்தப் பெண்ணாக ஆடியவள் அவர் மனைவி. இங்கே வந்த இரண்டாம் வருடமே இறந்துபோனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைசிக் காட்சியை எழுதி முடித்தார். என்னை இருத்தி, அதை வாயாலேயே பாடிக் காட்டினார். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி கேட்டேன். பிறகு காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினார். எங்கள் இருவரின் அரைகுறைப் பிரெஞ்சில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: “எனக்கு ஒருத்தரும் இல்லை. நீ கொண்டுபோய் வை.”

வீட்டில் சொன்னேன். என் மனைவி யோசிக்கவே இல்லை. “கொண்டு வாங்கோப்பா, கட்டிலுக்குக் கீழ வைப்பம். பாவம் அந்த மனுசன்.”

“ஓம், பேந்து பாப்பம்” என்றேன். அவ்வளவு பாரத்தை மெட்ரோவில் தூக்கிவரப் பஞ்சி, சோம்பல். உண்மை அதுதான்.

அடுத்த கிழமை எனக்குக் காய்ச்சல். எழும்பிப் போனபோது அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவன் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஆர்க்கடி இறந்து ஐந்து நாளாம். காகிதங்களைக் கேட்டேன். பழைய பேப்பர் லொறி காலையிலேயே வந்து அள்ளிப் போய்விட்டதாம்.

அவர் இங்கே திரும்ப எழுதிய அந்தக் கடைசிக் காட்சியைக் கேட்ட காது இந்த உலகத்தில் என்னுடையது ஒன்றுதான். கொஞ்சக் காலம் இரண்டு அடியாவது முணுமுணுக்க வந்தது. மூன்றாவதில் எங்கள் கோயில் நாதஸ்வரம் வந்து கலந்துவிடும். இப்போது நாதஸ்வரம் மட்டும்தான் வருகிறது.