லாசரஸ் தீவில் கால் எட்டாத தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை வாசலில் நான் நின்றபோது பூக்கடைக்காரர்கள் மல்லிகைக் கூடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கோலில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயிலில் வந்திருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் துண்டும் நீச்சலுடையும். பத்து நிமிடம் கழித்துப் பரமேஸ்வரி வந்தாள். அவள் பை என்னுடையதைப் போல மூன்று மடங்கு இருந்தது.

"ஒரு நாள்தானே பரமு, இவ்வளவு எதுக்கு?"

"பிளாஸ்டர், மாத்திரை, தொப்பி, விசில்."

"விசிலா?"

"கடல்ல யாராவது முழுகினா ஊதணும்ல. நீ பேசாம வா லா."

பரமுவும் நானும் உயர்நிலைப் பள்ளி முதலாண்டிலிருந்து தோழிகள். இருவருக்கும் நாற்பத்தாறு வயது. அவள் தொடக்கப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். எனக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. சிங்கப்பூர்த் தீவிலேயே பிறந்து தீவிலேயே வளர்ந்தவர்கள், ஆனால் போன வருடம் வரை இருவருக்கும் நீச்சல் தெரியாது. பத்து மாதங்களுக்கு முன் நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பொது நீச்சல் குளத்தில் மாலை வகுப்பில் சேர்த்தேன். முதல் மூன்று வாரம் அவள் குளத்துச் சுவரை விட்டு நகரவில்லை. சின்ன வயதில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஓர் அலை அவளைப் புரட்டிப்போட்டிருந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நான் வகுப்பில் எல்லோருக்கும் முன்பாக இருபத்தைந்து மீட்டரை முடித்தேன். அதை அவளிடம் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் முடிவுசெய்தோம்: ஒரு நாள் முழுக்க மணலில் படுத்துக் கிடப்பது, கூடவே ஒரு தடவையாவது கடலில் நீந்துவது.

சந்தையின் உணவுக் கடையில் நான்கு இட்லி, இரண்டு வடை, இரண்டு பொட்டலம் எலுமிச்சைச் சோறு வாங்கினோம். மொத்தம் பதினான்கு சிங்கப்பூர் வெள்ளி. தீவில் கடையை நம்பிப் போகக்கூடாது என்று கேள்விப்பட்டிருந்தோம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, அடுத்த நிறுத்தமான தோபி காட்டில் சிவப்புப் பாதைக்கு மாறி, கடைசி நிறுத்தமான மரினா சவுத் பியரில் இறங்கியபோது மணி எட்டே கால். படகுத்துறை நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. போய்வர ஆளுக்குப் பதினைந்து வெள்ளி.

ஒன்பது மணிப் படகு கிளம்பியதும் நாங்கள் மேல்தளத்துக்கு ஓடினோம். ஆமாம், ஓடினோம். காற்று பரமுவின் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நங்கூரமிட்டு நின்றன. பக்கத்து இருக்கையில் இரண்டு இளைஞர்கள் எங்கள் தமிழைக் கேட்டுத் திரும்பினார்கள். இருவரும் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர்கள். ஒருவர் பெயர் அன்பழகன், வேதாரண்யத்துக்காரர்.

"அக்கா, குளிக்கப் போறீங்களா? பீச்சுல இறங்கி இடது பக்கம் போகாதீங்க. நாலு எட்டுதான், பொசுக்குன்னு ஆழமாயிடும்."

"எங்களுக்கு ஸ்விம்மிங் தெரியும் தம்பி" என்றேன்.

பரமு என்னைப் பார்த்தாள்.

ஒன்பதரை தாண்டியதும் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பெருந்தீவிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர். ஒரு காலத்தில் கப்பலில் வந்தவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க இங்கேதான் தடுத்து வைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களில் பலர் முதலில் பார்த்த சிங்கப்பூர் இந்தத் தீவுதான். அவர்கள் காத்துக்கிடந்த இடத்தில் நாங்கள் இட்லிப் பொட்டலத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தோம். கடலுக்குக் குறுக்கே போட்ட ஒரு கல்பாதை லாசரஸ் தீவுக்குக் கொண்டுபோகிறது. பதினைந்து நிமிட நடை. மரங்களுக்குப் பின்னால் பாதை வளைந்ததும் பரமு நின்றுவிட்டாள்.

"ஏய்... இது சிங்கப்பூரா?"

பிறை போல வளைந்த வெள்ளை மணல். அதன் நடுவே பச்சைக் கண்ணாடி போலத் தண்ணீர். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கரையை வந்து தொட்டுவிட்டுத் திரும்பியது, அவ்வளவுதான். தூரத்தில் சில உல்லாசப் படகுகள் நின்றன. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருக்க, பாலிக்கும் புக்கெட்டுக்கும் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த எங்களை நினைத்துச் சிரித்தோம்.

பதினொரு மணி வரை கூவி விற்பவர்கள்கூட இல்லாத அந்த அமைதியில் விரிப்பைப் போட்டுக் கிடந்தோம். வடையைத் தின்றோம். பரமு பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கைபேசி பைக்குள்ளேயே கிடந்தது. பிறகு நான் எழுந்து, "வா, இறங்கலாம்" என்றேன்.

தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. பரமு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நீந்தினேன். உப்பு நீர் குளத்து நீரைவிட நன்றாகத் தூக்கிப் பிடித்தது. அந்தச் சந்தோஷத்தில் திசையைக் கவனிக்கவில்லை. நீந்தி நீந்தி இடது பக்கம் வந்திருந்தேன். நின்று பார்க்கலாமென்று காலை ஊன்றினேன். தரை இல்லை.

அந்த நொடியில்தான் வலது கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு இழுத்தது. கத்த வாயைத் திறந்தேன். வாயில் உப்புத் தண்ணீர். பத்து மாதம் படித்ததெல்லாம் ஒரே நொடியில் மறந்துபோனது. கையால் தண்ணீரை அடித்தேன். அடிக்க அடிக்கக் கீழே போனேன்.

"வசந்தா! மல்லாந்து படு! வானத்தப் பாரு!"

பரமுவின் குரல். வகுப்பில் முப்பது பிள்ளைகளை அடக்கும் அதே குரல். என்னையறியாமல் அதற்குக் கீழ்ப்படிந்தேன். தலையைப் பின்னால் சாய்த்தேன். காது தண்ணீருக்குள் போனது, மூக்கு மேலே வந்தது. வானம் தெரிந்தது. மூச்சு விட்டேன். பிறகு என் அக்குளுக்குக் கீழே ஒரு கை வந்தது. பரமு மல்லாந்தபடியே கால்களை மெல்ல உதைத்து என்னைப் பின்னால் இழுத்தாள். அவளுக்கும் அங்கே கால் எட்டாது. எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

"காலை அசைக்காத. சும்மா கிட. நான் பாத்துக்கறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு..."

இருபத்திரண்டு எண்ணியபோது என் முதுகில் மணல் தட்டியது.

அதற்குள், கரையில் சற்றுத் தள்ளி நண்பரோடு உட்கார்ந்திருந்த அன்பழகன் தண்ணீரில் பாய்ந்து ஓடிவந்துவிட்டார். "காலை நீட்டுங்கக்கா. கட்டைவிரலைப் பிடிச்சு இழுங்க, உங்க பக்கம். விடாதீங்க." இழுத்தேன். கெண்டைக்கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "தண்ணி நிறைய குடிங்க, நல்ல தண்ணி" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பரமு என் பக்கத்தில் மணலில் சரிந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"செத்துட்டேன்னு நெனச்சேன் லா. ஆனா நீ இழுத்துட்டுப் போன கிளாஸ்தானே, சொல்லிக் கொடுத்ததைச் செஞ்சேன்."

"நான் உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டே இருந்தேன்."

"முப்பத்துமூணு வருஷமா சொல்ற. பழகிடுச்சு."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. "மன்னிச்சுக்கோ பரமு" என்றேன். அவள் என் தலையில் ஈரத் துண்டைப் போட்டாள்.

மதியம் எலுமிச்சைச் சோற்றை நான்கு பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம். இளைஞர்கள் கொண்டுவந்த ஊறுகாய் அதற்கு அப்படிப் பொருந்தியது. இரண்டு மணிக்குப் பரமு எழுந்து தலைமுடியை முடிந்துகொண்டாள். "நான் இன்னொரு தரம் போறேன். நீ இங்கயே உட்காரு" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். நான் மரநிழலில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தேன். கரைக்கு இணையாக, நிதானமாக, தலையை உயர்த்தி உயர்த்தி அவள் அந்த வளைவின் ஒரு முனையிலிருந்து பாதி தூரம் நீந்தினாள். பிறகு மல்லாந்து மிதந்தாள். கைகளை விரித்து, நெடுநேரம். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் சிரிப்பது தெரிந்தது.

மாலைப் படகில் திரும்பினோம். நகரத்தின் கோபுரங்கள் வெயிலில் தகதகத்தன. பரமு உப்புப் பூத்த கன்னத்தோடு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். படகு துறையை இடித்து நின்றபோதுதான் எழுந்தாள்.

அன்று வீட்டுக்குப் போகுமுன் பொங்கோல் நீர்முகப்பு நடைபாதையில் கொஞ்சம் நின்றேன். ஏழு வருடமாக அங்கே நடக்கிறேன். அந்தத் தண்ணீர் எனக்கு இதுவரை கம்பித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் ஒரு காட்சி மட்டுமே. இப்போது பார்த்தபோது அது எவ்வளவு ஆழம் இருக்கும் என்று யோசித்தேன். காதுக்குள் இன்னும் கடல் நீர் தளும்பியது. கெண்டைக்கால் லேசாக வலித்தது. தடுப்பில் கையூன்றி, இருட்டும்வரை அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.