சாம்பவிக்கு எடுத்த குடும்பப் பெயர்

இத்தாலியில், பலெர்மோ தொலைபேசிப் புத்தகத்தில், சோதிலிங்கம் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவுடைய குடும்பப் பெயர் ஒன்றரைப் பக்கத்துக்கு ஓடும். பொலிதேயாமாப் பக்கம் அவள் வீட்டில் தூசு தட்டும்போது அவன் எண்ணிப் பார்த்திருக்கிறான். பேரின்பநாயகம் என்று ஒரே ஒரு வரி. அது அல்பெர்கேரியாவில் அவன் வீட்டு இலக்கம். பெயர் என்னவோ அவனுடைய அப்பாவுடையது.

யாழ்ப்பாணத்தானுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், அவ்வளவுதான். இத்தாலியில் வந்திறங்கியபோது முன்னால் நின்றதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்கள். மகள் சாம்பவியின் பிறப்புப் பத்திரத்திலோ முன்னால் நின்றது சோதிலிங்கம்.

தொண்ணூற்றாறில் இதுவே அவன் நித்திரையைக் கெடுத்தது. மனைவி செல்வமலரும் சாம்பவியும் இடம்பெயர்ந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தார்கள். கிழமைக்கு இரண்டு தரம் பொலிஸ் சோதனை. இளம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனால் எப்போது விடுவார்களோ தெரியாது. சாம்பவிக்குப் பதினெட்டு முடிய ஐந்தே மாதம். முடிந்தால் தகப்பன் இத்தாலிக்குக் கூப்பிட முடியாது.

மேல்மாடி அல்பேட் மன்னார்க் கத்தோலிக்கன். அவன் வீட்டில் கைக்குழந்தை வரை எல்லாரும் குரூஸ். மனைவி பிள்ளைகள் ஒரே விண்ணப்பத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவன்தான் வாயைத் திறந்தான்.

"இஞ்சை பாருங்கோ, பேர் ஒண்டா இருந்தாத்தான் இந்த இத்தாலிக்காரங்கள் குடும்பம் எண்டு நம்புவாங்கள். பிள்ளையின்ரை பேரை மாத்துங்கோ."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், பாவி. கொழும்பில் ஒரு தரகன் இரண்டு கிழமையில் புதுப் பிறப்புப் பத்திரம் எடுத்துக் கொடுத்தான். பேரின்பநாயகம் சாம்பவி. பார்க்கவே சோதிலிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தப் பெயர் முன்னால் வர, தகப்பன் என்ற கட்டத்தில் யாரை எழுதியிருப்பான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தரகன் கெட்டிக்காரன். தாயின் கட்டத்திலும் சோதிலிங்கத்தின் தாயையே போட்டுப் பொருத்தமாக முடித்திருந்தான்.

மூன்று மாதம் கழித்துக் குடிவரவு அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்தவர் மரியாதையான மனிதர். அவனுடைய பிறப்புப் பத்திரத்தையும் சாம்பவியுடையதையும் அருகருகே வைத்து வாசித்தார். பிறகு, இரண்டிலும் தகப்பனும் ஒருவரே, தாயும் ஒருவரே, அப்படியானால் இந்தப் பிள்ளை உங்கள் தங்கையா என்று கேட்டார்.

சோதிலிங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டான். மகள் என்றால் பத்திரம் கள்ளம். செல்வமலரும் வரமாட்டாள், அவன் இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவும் போய்விடும். தங்கை என்றால் மனைவியாவது வந்து சேருவாள்.

"ஸொரேல்லா," என்றான். தங்கைதான்.

அதற்குக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தான். தங்கைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் சாம்பவியின் தாள்களை ஓரமாக வைத்தார். உங்கள் ஆட்களில் தகப்பனுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயர், அதற்காக நாங்கள் யாரையும் மறிப்பதில்லை என்றும் சொன்னார். எந்த வஞ்சகமும் இல்லாமல், கதையோடு கதையாகச் சொன்னார்.

மத்தியானம் கொழும்புக்குக் கோல் எடுத்தான்.

"இந்த லொட்ஜிலை அவளை ஆரிட்டை விட்டிட்டு வாறது? நான் வரேல்லை," என்று செல்வமலர் அழத் தொடங்கினாள். சாம்பவி தொலைபேசியைப் பறித்தாள்.

"அப்பா, எனக்கு ஏன் இல்லையாம்? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நீ என்ரை தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டன், பிள்ளை."



"சரி அண்ணை, வைக்கிறன்," என்றாள் சாம்பவி.