பரிசு வாங்கிய முழங்கை

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவருக்கு ‘திருத்தி எழுது’ என்றே பெயர். எந்த மனுவையும் ஒரு தடவையாவது திருப்பி அனுப்பாமல் அவர் வாங்கியதில்லை. ஓய்வு பெற்றதும் குறை சொல்ல ஆளில்லாமல் வாய் நமநமத்தது. பாவம் பார்த்து மகள் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் அவர் மனைவி பதினைந்து வருடமாகத் தோட்டம் போட்டிருந்தாள். துவைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுப்பதற்கு மட்டுமே அவர் அந்தப் பக்கம் போவார். குளிர் விலகி வசந்தம் வந்து, ரோஜாவும் பெட்டூனியாவும் போட்டி போட்டுப் பூத்ததும், மனிதர் கேமராவோடு இறங்கினார். இந்த ரோஜா தலை கவிழ்ந்திருக்கிறது, அந்த இலையில் ஓட்டை என்று விசாரணை தொடங்கியது. காலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மண் தெறிக்கும் என்று மனைவிக்கு உத்தரவு போட்டார். பிறகு அவள் துணி தேய்க்கும்போது தெளிக்கும் புட்டியை எடுத்துவந்து, பூவுக்குத் தாமே பனித்துளி வைத்தார். தேனீ வரட்டும் என்று சர்க்கரைப் பாகு தடவினார். எறும்புதான் வந்தது; பாதி செடியில் ஏறியது, மீதி அவர் கால்சட்டைக்குள் ஏறியது.

ஒரு நாள் அவர் படம் எடுக்கும் நேரம் பார்த்து, காய்ந்த கிளையை வெட்ட மனைவி கையை நீட்டிவிட்டாள். “குறுக்க வராதன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கத்தினார். அவள் கிளையை வெட்டி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

நூலகத்தில் வசந்தப் படப் போட்டி நடந்தது. கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, கணினியில் எதையோ அழுத்தி ஒரு படத்தை அனுப்பிவைத்தார். அதற்கு முதல் பரிசு. விழாவில் படத்தைப் பார்த்தவருக்கு முகம் வெளுத்தது: ரோஜாவுக்குப் பக்கத்தில், மண் அப்பிய ஒரு முழங்கை. வளர்க்கும் கையையும் காட்டியதுதான் படத்துக்கு உயிர் என்று நடுவர் புகழ்ந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர், “அந்தக் கைக்காக ரெண்டு வாரம் காத்திருந்தேன்” என்றார்.

உடன் வந்திருந்த மனைவி அவர் காதோரம் குனிந்து கேட்டாள்: “என் முழங்கையையும் நீங்கதான் நட்டு வளர்த்தீங்களா?”

மறுநாள் காலையில் கேமரா மனைவியின் கழுத்தில் தொங்கியது. மண்வெட்டியை அவர் கையில் கொடுத்து, எருக்குழியைக் காட்டினாள்.

“நல்லா குனிஞ்சு வெட்டுங்க. உங்க முதுகு வெளிச்சத்தை மறைக்குது.”