மூன்றுதான் பார்த்தேன்

என் சித்தி ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுப்பவர். பதினேழு வருஷமாக அதே இருட்டு அறை, அதே சுழல் நாற்காலி. கருவியை அழுத்திப் பிடித்தே வலது தோள் சற்று இறங்கிவிட்டது. வீட்டில் எதையாவது தேடும்போதுகூடக் கண்ணைச் சுருக்கித் தலையைச் சாய்ப்பார். சாவி திரையில் தெரியுதா என்று சித்தப்பா கிண்டல் செய்வார்.

நுரையீரலிலிருந்து சுத்தமான ரத்தம், பக்கத்துக்கு மேலொன்று கீழொன்றாக, நான்கு குழாய்கள் வழியாக இதயத்தின் இடது பக்கம் வரவேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அவை வழி மாறி வலது பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். அறுவை செய்து இடது பக்கத்தோடு இணைத்தால்தான் பிள்ளை பிழைக்கும். அதனால் சித்தி ஒவ்வொரு குழாயாகத் தேடி, படத்தில் எண் போடுவார். நான்கு வந்த பிறகுதான் ரிப்போர்ட்.

அன்று காலை அறுவைக்குப் போனது பதினோரு நாள் பெண் குழந்தை. முந்தின நாள் அது அழுத அழுகையில், கழுத்துப் பக்கமிருந்து பாதி, வயிற்றுப் பக்கமிருந்து பாதி என்றுதான் படம் எடுக்க முடிந்தது. நான்கும் ஒரே இடத்தில் கூடி, ஒரு பெரிய குழாயாக மேலே ஏறி, சுற்றி வலது பக்கம் போகின்றன என்று சித்தி எழுதியிருந்தார்.

ஒன்பதரை மணிக்கு, அடுத்த குழந்தை தூங்கட்டும் என்று காத்திருந்தபோது அந்தப் படங்களைத் திறந்தார். மூன்றாம் எண் போட்ட குழாயில் ஒரு சின்னக் கிளை பிரிந்தது. நான்காம் எண்ணிலும் அதே இடத்தில் அதே கிளை.

ஒரே குழாயை இரண்டு பக்கமிருந்து பார்த்து இரண்டாக எண்ணிவிட்டார். இடது மேல் குழாயை அவர் பார்க்கவே இல்லை.

குழாய்கள் கூடுமிடத்தை இடது பக்கத்தோடு தைத்த பிறகு, மேலே ஏறும் பெரிய குழாயை நூலால் கட்டிவிடுவார்கள். பார்க்காத குழாய் அந்தப் பெரிய குழாயில் சேருமிடத்திலேயே முடிச்சு விழுந்தால், அதன் ரத்தம் போக வழியின்றி நுரையீரலில் தேங்கும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டர் ஊரில் இல்லை. சித்தி ஆபரேஷன் தியேட்டருக்கு போன் செய்தார். பெரிய டாக்டர் தைத்துக்கொண்டிருக்கிறார், எழுதி அனுப்புங்கள் என்றார் நர்ஸ்.

சித்தி லிஃப்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடி ஏறி, உடை மாற்றி, தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மேஜையை நெருங்காமல் சுவரோரம் நின்றார். மூச்சு வாங்கியது.

"டாக்டர், நேத்து எக்கோ எடுத்தது நான். ரிப்போர்ட் தப்பு."

பெரிய டாக்டர் தலையைத் திருப்பவில்லை. "என்ன தப்பு?"

"நாலுன்னு எழுதினேன். மூணுதான் பாத்தேன். ஒண்ண ரெண்டு தடவ எண்ணிட்டேன். இடது மேல் குழாய் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது."

பெரிய குழாயைச் சுற்றி நூல் போட்டாகிவிட்டது, இறுக்குவதுதான் பாக்கி.

"ஏம்மா, வீட்டுல பிள்ளைங்களையும் இப்பிடித்தான் எண்ணுவியா?"

"ஒரே பிள்ளைதான் டாக்டர்."

யாரோ மாஸ்க்குக்குள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. நூலைத் தளர்த்தி, இடது நுரையீரலை மெல்ல ஒதுக்கச் சொன்னார். சித்தி பார்த்ததெல்லாம் அவருடைய முதுகைத்தான். இரண்டு நிமிஷமோ மூன்றோ ஆகியிருக்கும்.

"இருக்கு. நூல் இதோட வாய்மேலயே கிடந்துது."

அவர் நூலை எடுத்துவிட்டு, விரற்கடை மேலே தள்ளிப் போட்டு இறுக்கினார். இப்போது அந்த ரத்தமும் மற்ற மூன்றோடு சேர்ந்து கீழிறங்கி இடது பக்கம் போகும். நிற்காமல் கீழே போய் ரிப்போர்ட்டைத் திருத்து என்று மட்டும் சொன்னார்.

மதியம் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அறுவையின்போது இதயத்துக்குப் பதிலாக ஓடிய மெஷினிலிருந்து குழந்தை இறங்கிவிட்டது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றேழு, இனி பழைய ரிப்போர்ட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டால் போதாதா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

"பழசும் இருக்கட்டும் சார்," என்றார் சித்தி. "நாளைக்கு வேற யாராவது இதே மாதிரி எண்ணுவாங்க."

பழைய தாளின் அடியில் நேரத்தைக் குறித்து, மூன்றுதான் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அவருக்கு உறைத்தது.